பேச்சில்லாத இணைப்பைப் பிடித்தவர்

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

அரங்கில் உட்கார இடமில்லை. படிக்கட்டிலும் நிற்கிறார்கள். நான் போனால் இவ்வளவு கூட்டம் வருமா? உள்ளே நுழையும்போது எனக்கு அந்த எண்ணம்தான் வந்தது. இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று கேட்பீர்கள். நெட்வொர்க் பிரிவுத் தலைவர், நாமெல்லாம் 'சிக்னல் சார்' என்று அழைத்தவர், அவரைப் பற்றி நான் பேசினால் இப்படித்தான் வரும். சர்வர் பிரிவு என்னுடையது. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவரைப் பார்த்து வயிறெரிந்தே என் தலை நரைத்தது.

நாம் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையின் கணினி இணைப்புகள் அறுந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? மருத்துவர் ஸ்கேன் அறிக்கையைத் திறந்து எழுதுவார். சேமிக்கப் போனால் திரை அப்படியே நின்றுவிடும், எழுதியதெல்லாம் போய்விடும். என் சர்வர்களைச் சல்லடை போட்டுச் சலித்தேன். கோளாறே இல்லை. "தப்பு நெட்வொர்க்லதான்" என்று அடித்துச் சொன்னேன். சிக்னல் சார் சண்டைக்கு வந்தாரா? வரவில்லை. மருத்துவமனைக்குப் போய், ஒரு மருத்துவரம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அந்த அம்மா சொன்னாராம்: "மடமடன்னு எழுதினா ஒண்ணும் ஆகல சார். கொஞ்சம் யோசிச்சுட்டு எழுதினாதான் போயிடுது."

அவ்வளவுதான், பிடித்துவிட்டார். வருகிறவர்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்ப நடுவில் லோடு பேலன்சர் இருக்கிறதல்லவா? சிறிது நேரம் பேச்சில்லை என்றால், ஆள் போய்விட்டார் என்று அது இணைப்பை அறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் சொல்லவும் இல்லை. இடையிடையே 'இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தி போகும்படி செய்தார். அதோடு தொல்லை தீர்ந்தது.

தோழர்களே, லோடு பேலன்சர் யார் பொறுப்பு? நெட்வொர்க் பிரிவின் பொறுப்பு. அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? கைதட்டல் யாருக்குப் போனது? அதுவும் போதாதென்று இயக்குநரிடம், "இவருதான் சார் மொதல்லயே சரியாச் சொன்னாரு" என்று என்னைக் காட்டினார். நிம்மதியாக வெறுக்கக்கூட விடவில்லை அந்த மனிதர்.

சென்ற வாரம் மருந்தகத்தின் இணைப்புகள் அறுந்தன. நானே போய் மருந்தாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழுதுபார்க்க நிறுத்திய சர்வருக்கே லோடு பேலன்சர் ஆளனுப்பிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துச் சரிசெய்தது நான், வேறு யாருமில்லை. நேராக அவர் அறைக்கு நடந்தேன். "பாத்தீங்களா?" என்று கேட்க வேண்டும், அவர் முகம் கொஞ்சம் வாட வேண்டும். கதவில் கை வைத்த பிறகுதான் உறைத்தது.

அண்ணி, உங்கள் கணவரின் வேலையை நான் தொடர்வேன். எந்த இணைப்பு அறுந்தாலும், கூப்பிட்டவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். இந்த அவையின் முன் இது என் உறுதி. என்றாவது அவரையும் மிஞ்சிவிடுவேன். ஆனால் அதை அவரிடம் போய்ச் சொல்லத்தான் இத்தனை வருடம் உழைத்தேன், அண்ணி. இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?