கோய் ரெய்னியின் இடது கண்

உங்கள் நாற்காலி உங்களுக்குப் பொருந்தவில்லை, மேடம். வந்ததிலிருந்து பார்க்கிறேன். கைப்பிடி உயரமாக இருக்கிறது. நான்கு வரி எழுதியதும் தோளைச் சுழற்றிக்கொள்கிறீர்கள். ஸ்டேஷனுக்கு யாரோ மொத்தமாக வாங்கிப் போட்ட நாற்காலி. உட்காரப்போகிறவரை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

மன்னியுங்கள், தொழில் புத்தி. நீங்கள் ஜானெல் ரெய்னியைப் பற்றிக் கேட்கத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். வருகிறேன். என் வேலையைச் சொல்லாமல் ஜானெலுக்கு வர முடியாது.

கில்லட் கிரீக்கில், தீவனக் கடையை ஒட்டியிருக்கிற துப்பாக்கிக் கடையில், இருபத்திரண்டு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன். இந்த ஊரில் பூட்ஸ் வாங்க வருகிறவன் அதைப் போட்டு நாலடி நடந்து பார்ப்பான். துப்பாக்கி வாங்க வருகிறவன் மட்டும் ஏற்கெனவே படத்தைப் பார்த்துக் காதலித்துவிட்டு வருவான். பல் டாக்டர் ஒருவர், பட்டாளத்தில் இருப்பதுபோலவே வேண்டும் என்றார். அதன் மேல் விளக்கு, லேசர், முன்கைப்பிடி என்று ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னார். மாட்டிக் கொடுத்தேன். தூக்கிப் பிடித்த இருபதாவது விநாடியில் அவர் கை உதறியது. இப்போது அது அவர் அலமாரியில் இருக்கிறது. வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறார். நாட்டின் சுதந்திரம் பத்திரமாக இருக்கிறது.

செமி-ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒன்றுதானே என்பார்கள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும், இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்பார்கள். நான் கவுன்டரில் எப்போதும் மூன்றை எடுத்து வைப்பேன். முதலாவது மரக்கட்டை போட்டது, குட்டை, தூரத்தைக் கிட்டே காட்டும் ஸ்கோப் கிடையாது. நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் கனம் தெரியாது. குறி கொஞ்சம் தூரம் போய்விட்டால் அதன் கருத்து வேறு, உங்கள் கருத்து வேறு. இரண்டாவது பெரிய குண்டு போடுவது. காட்டுப்பன்றியை நின்ற இடத்திலேயே படுக்க வைக்கும், சுட்டவன் தோளையும் சேர்த்து. மூன்றாவது கறுப்பு. பார்க்க லட்சணமே இருக்காது. ஆனால் தோளில் பதிகிற பின்கட்டையை ஆறு படிகளில் இழுத்து நீட்டலாம், குறுக்கலாம். இடக்கைக்காரனுக்கு வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபக்கம் மாற்றிக் கொடுக்கலாம். எவன் உடம்புக்கும் அது வளைந்து கொடுக்கும்.

எது உங்களுக்கு என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். கண்ணை மூடச் சொல்வேன். மூடியபடியே தோளுக்குக் கொண்டுவரச் சொல்வேன். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பார்வை தானாகக் குறியில் போய் விழுந்தால் அது உங்களுடையது. கழுத்தை நீட்டித் தேடினால் அது வேறு யாருடையதோ. எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி வைப்பேன். கையின் நீளம், தோளின் அகலம், எந்தக் கண். நீங்கள் எடுத்துக்கொண்டு போன பூட்ஸ் பெட்டியில் அந்த அட்டைகள்தான் இருக்கின்றன. தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்கும்.

எந்தக் கண் என்றால், மனிதனுக்கு ஒரு கண் முதலாளி, மற்றது வேலையாள். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது கண் முதலாளியாக வாய்த்துவிட்டால், அவன் பார்ப்பது ஓர் இடம், குண்டு போவது இன்னோர் இடம். அவனுக்கே அது தெரியாது. தனக்குக் கை சரியில்லை என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பான்.

கோய் ரெய்னிக்கு ஆறு வருடம் முன்னால் நான் அளவெடுத்தேன். மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள். எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மரக்கட்டை போட்டதைக் கொடுத்து அனுப்பினேன். அவன் அட்டையில் கண்ணுக்கான இடம் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் காலியாக விட்ட ஒரே இடம் அது.

போன அக்டோபரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கோயின் மனைவி ஜானெல் அவனைவிட்டுத் தனியாக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வண்டியிலிருந்து மளிகைப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். கோய் அவள் வீட்டுக் கேட்டில் நின்று நான்கு தடவை சுட்டான். ஒன்று தண்ணீர்த் தொட்டியில் பட்டது, ஒன்று அஞ்சல் பெட்டியில். மற்ற இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. சும்மா மிரட்டத்தான் சுட்டான் என்று வக்கீல் வாதாடினார். கேட்டிலிருந்து வண்டிவரை நாற்பது கஜம், இவ்வளவு பக்கத்தில் கொல்ல நினைத்தவன் எப்படித் தவறுவான் என்று கேட்டார். நீதிமன்றம் யோசித்துப் பார்த்தது. ஐந்து மாதம் உள்ளே போட்டுவிட்டு, வெளியே விடும்போது ஓர் உத்தரவு கொடுத்தது. ஜானெல் பக்கம் போகக் கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது.

ஒருவன் தன் மனைவியைச் சுட்டான் என்று ஊர் பேசவில்லை, மேடம். நாற்பது கஜத்தில் நான்கும் தவறிவிட்டது என்றுதான் பேசியது.

எங்கள் கடையில் காபி இலவசம். அதனால் ஹாய்ட்டும் இலவசம். சாலை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். காலையில் வந்தால் மத்தியானம்வரை கவுன்டர் ஓரத்து ஸ்டூல் அவனுடையது. முதல் வாரமே ஆரம்பித்துவிட்டான்.

“ஏன் வெர்ல், நீ அளவெடுத்துக் குடுத்ததுதானே அது?”

“ஆமா.”

“யாருக்கு அளவெடுத்த, தண்ணித் தொட்டிக்கா?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் ஒருவன் தோளை விறைப்பாக வைத்துக்கொண்டு, “எனக்கு அஞ்சல் பெட்டி சைஸ்ல ஒண்ணு பாரு வெர்ல்” என்றான். குளிர்காலம் முழுக்க இதே கதை. கண்ணை மூடு என்றால், “எதுக்கு, கோயும் அப்படித்தான் சுட்டானா?” என்பார்கள். இருபத்திரண்டு வருடம் எடுத்துக் கட்டிய பெயர், மேடம். நான்கு குண்டில் போயிற்று.

மார்ச்சில், கோய் வெளியே வருவதற்கு ஒரு வாரம் முன்னால், ஜானெல் கடைக்கு வந்தாள். ஹாய்ட் கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவளுக்காகவும் மூன்றை எடுத்து வைத்தேன். ஆள் பார்த்து வித்தியாசம் காட்டுகிறவன் இல்லை நான். கண்ணை மூடச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

“கண்ண மூடலன்னா அளவு தெரியாதும்மா.”

“கதவு எனக்குப் பின்னால இருக்கு, வெர்ல். என்னால மூட முடியாது.”

“இப்படிக் கை நடுங்குதே. இந்த நிலைமைல எத எடுத்தாலும் உனக்குச் சரியா வராது.”

“அளவெல்லாம் வேணாம். சுட்டாப் போதும்.”

“கோர்ட்டு ஆர்டர் இருக்கில்ல?”

“அது காகிதம், வெர்ல்.” அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. கவுன்டரில் கிடந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொருந்தாத ஒன்றைக் கொடுத்து அனுப்ப என் மனசாட்சி இடம் தரவில்லை. கண்ணில் அடிக்கிற மிளகுத் தெளிப்பான் ஒன்று கொடுத்தேன். பத்து சதவீதம் தள்ளுபடி போட்டேன். கதவுவரை போய்த் திறந்தும் விட்டேன்.

கோய் வெளியே வந்த பிறகு அவனை பார்பிக்யூ கடையில் பார்த்தேன். விலா எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேசையில் எவனோ தண்ணீர்த் தொட்டி என்றான், இரண்டு பேர் சிரித்தார்கள். ஆறடி மூன்றங்குல ஆள், சட்டைக்குள் சுருங்கிப் போயிருந்தான். எதிரே போய் உட்கார்ந்தேன்.

“கோய், ரெண்டு கண்ணையும் தெறந்து வச்சிக்கிட்டு அந்தக் கடிகாரத்த விரலால காட்டு.”

காட்டினான்.

“இப்ப வலது கண்ண மூடு. விரல் நகந்துச்சா?”

“இல்ல.”

“இடது கண்ண மூடு.”

விரலைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். “விரல் ஜன்னல் பக்கம் போயிருச்சு, வெர்ல்.”

“உனக்கு இடதுதான் முதலாளி. நான்தான் கவனிக்காம வலது தோளுக்குக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது.”

“அப்ப... எனக்குக் கை மோசமில்லையா?”

“கைக்கு ஒரு குறையும் இல்ல.”

அவ்வளவு பெரிய ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அம்மா செத்தபோதுகூட அழாதவன். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கையில் இருந்த சாஸ் என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. ஒருவனுக்குத் தன் மேல் இருந்த சந்தேகத்தைப் போக்குவது நல்ல காரியம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதில் தவறு தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவன் அக்கா நெல்டா கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஐந்தடி இரண்டங்குலம். கிட்டே வந்தால் பொரித்த எண்ணெய் வாசனை அடிக்கும். கடைக்கு வெளியே அவளுடைய பிக்கப் வண்டி நின்றது. அதில் கோய் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் கம்பி வழியாக அவன் தொப்பி தெரிந்தது.

“பன்னித் தொல்லை, வெர்ல்” என்றாள். “தோட்டத்தையே உழுது போடுது.”

ஹாய்ட் காபிக் கோப்பையை இறக்கினான். “உனக்கு ஏதும்மா தோட்டம்? ஜன்னல்ல ரெண்டு துளசிச் செடிதானே வச்சிருக்க?”

“பன்னிக்கு அது தெரியுமா?”

“உன் தம்பி சுட்டா பன்னிக்கு ஆயுசு கெட்டி. பக்கத்துல நிக்கிற தண்ணித் தொட்டிதான் பாவம்.”

நெல்டா கவுன்டரை ஒட்டி வந்து நின்றாள். அவள் காது சிவந்துபோனது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவளுக்கு மூன்றையும் காட்டினேன். மரக்கட்டை போட்டது அவள் கைக்கு அச்செடுத்ததுபோல இருந்தது. கண்ணை மூடித் தூக்கித் திறந்தாள், பார்வை நேராகக் குறியில் விழுந்தது. அதை வாங்கி ஓரமாக வைத்தேன். கறுப்பை எடுத்துக் கொடுத்தேன். நான்காவது படிவரை பின்கட்டையை நீட்டியிருந்தேன். அவள் விரல் விசைக்குப் போய்ச் சேரவே இல்லை.

“எட்டலையே, வெர்ல்.”

“பழகிடும்.”

துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய அரசாங்கப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இதை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று. நெல்டாவின் பேனா அங்கே வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவர் எழுதும்போது முறைத்துப் பார்ப்பது நாகரிகம் இல்லை. நான் திரும்பிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்து முடிக்கும்போது ‘ஆம்’ என்று எழுதியிருந்தது. வலது கையால் எழுதினாள். நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அதற்கு முன்தினமே அந்தத் துப்பாக்கியில் எல்லாவற்றையும் இடப்பக்கம் மாற்றி வைத்திருந்தேன். இல்லை, அவள் வருவாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாராவது வருவார்கள் என்று தெரியும்.

குண்டு குறியிலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரி செய்து கொடுப்பது எங்கள் கடையில் இலவசம். கடைக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது. நானே எடுத்துப் போய் மூன்று சுட்டுத் திருகி, திரும்ப மூன்று சுட்டுப் பார்த்தேன். நான் வலது கைக்காரன். இடது தோளில் வைத்துச் சுடுவது சிரமம். ஆனாலும் மூன்றும் ஒரே நாணயத்தால் மூடக்கூடிய அளவுக்குள் விழுந்தன. என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அது. சட்டத்துக்குப் பயந்து அரைகுறையாகச் செய்திருந்தால், என் அளவுகளை வைத்து நீங்கள் என்னைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. வேலையில் அரைகுறை எனக்கு வராது.

எட்டு நாள் கழித்து கோய், ஜானெல் வீட்டுக் கேட்டில் போய் நின்றான். அவள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். மிளகுத் தெளிப்பான் சாவிக்கொத்தில் தொங்கியதாக நீங்களே சொன்னீர்கள். பத்தடிக்கு மேல் அது போகாது. வாங்கும்போதே அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

கொன்றது அவன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை, உங்களுக்கும் இருக்கக் கூடாது. நான் என் அட்டையில் காலியாகக் கிடந்த ஓர் இடத்தை நிரப்பினேன்.

இப்போது கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பன்றிக்கு என்றால் எல்லோரும் நூறு கஜத்துக்குத்தான் ஸ்கோப்பைச் சரிசெய்வார்கள், இதை மட்டும் நீ ஏன் நாற்பது கஜத்துக்கு வைத்தாய் என்றீர்கள். நல்ல கேள்வி. தொழில் தெரிந்த யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது கஜத்தை நான் போய் அளக்கவில்லை, மேடம். நீதிமன்றத்தில் அளந்து, சத்தமாகப் படித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஓர் உதவி. போகிற வழியில் எங்கள் கடைப் பக்கம் போவீர்களானால், ஹாய்ட் அந்த ஸ்டூலில்தான் இருப்பான். இந்தத் தடவை நான்கு குண்டு இல்லை, ஒன்றுதான் என்று அவனிடம் சொல்லுங்கள்.