ஒத்தக் கதவு ரூம்

ஹலோ... மதினி, மாரிசெல்விதான். ஆமா, ஆமா, மதுர ஆஸ்பத்திரிலதான் இருக்கோம்... கேக்குதா?... ம். உங்க தம்பி முழிச்சுத்தான் இருக்காக. கஞ்சி குடிச்சாக...

கையா?... அப்படியேதான் இருக்கு. வெரலெல்லாம் கறுத்துப்போய்... அழாதீக. எனக்கு அழுகையே வரல மதினி. மரத்துப்போச்சு.

அதான் அந்த ஆக்சிஜன் ரூம்... இரும்பு ரூம் மதினி. உள்ள காத்தை அமுக்கி ஏத்துவாக. மாஸ்க்ல ஆக்சிஜனை இழுத்தா, ரத்தம் சரியா ஓடாத எடத்துக்கும் போய்ச் சேருமாம். வெரலு பொழைக்கலாமாம். இல்லன்னா மணிக்கட்டோட எடுத்துருவாக... ம். மணிக்கட்டோட.

நேத்து போனாக. பாதியிலயே நிப்பாட்டிட்டாக... காது அடைச்சிருச்சு. கொடைக்கானலுக்கு பஸ் ஏறயில அடைக்குமே, அதவிட மோசமாம். எச்சி முழுங்குங்க, மூக்கைப் பிடிச்சு ஊதுங்கங்காக. இவுக நல்ல கையால கதவைப் போட்டுக் குத்துறாக...

பயமா? தெனமும் வெடிக்கு மருந்து அடைச்ச மனுசன்... அதான் மதினி வெனையே. பருத்தித் துணிதான் உடுத்தணும், தலையில எண்ண கூடாது, போன் கூடாது, ஒரு பொறி கூடாதுன்னாக. நம்ம பட்டாசு கம்பெனி மருந்து ரூம் மாதிரியே. ஆனா நம்ம ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். இங்கன ஒத்தக் கதவு. காத்தை எறக்குற வரைக்கும் தொறக்க முடியாது. ஓடுறதுக்கு வழி எங்கனன்னு இவுக கேட்டாக. டாக்டரம்மாவுக்கு வெளங்கல. எனக்கு வெளங்குச்சு.

இன்னைக்கா?... போறேன்னுட்டாக. நான் கூட வந்தா... ஆமா, உள்ளதான். என் காதையும் லைட் அடிச்சுப் பாத்துட்டாக, போலாமாம். ஆக்சிஜன் கூடிப்போயி அவுகளுக்கு வாயோரம் துடிச்சா, கண்ணு மங்குனா ஒடனே நான் சொல்லணும்...

ஏசாதீக மதினி. தெரியும்... தெரியும். புருசன் பொண்டாட்டி ஒரே ரூம்ல வேலைக்கு உக்காராதீக, பிள்ளைக்கு ஒருத்தராவது மிஞ்சணும்னு நீங்கதான் சொன்னீக. ஒரு நாளும் உக்காந்ததில்ல. வெடிச்ச அன்னைக்கும் நான் அடுத்த ரூம்லதான். அதான் மிஞ்சிக் கெடக்கேன்...

இந்தா வாரேன் சிஸ்டர்... கூப்புடுறாக மதினி. பாப்பா பக்கத்துல நிக்கிறாளா?... வேணாம், அவகிட்ட குடுக்காதீக. தலை பின்னி விடுங்க... போனைக் கேக்குறாக. வெளிய வந்து நானே பேசுறேன். பாப்பா கேட்டா, அம்மா வேற ரூம்லதான் இருக்கான்னு சொல்லுங்க...