வயலைக் காட்டியவர்

கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் முன்னால் நின்ற ஒருவர், புதிதாகக் கட்டிய தன் கடையைக் கை நீட்டி டிரைவருக்குக் காட்டினார். டிரைவரும் திரும்பிப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த பெண் சொன்னார்:

“தம்பி, ஓட்டுறவருக்கு ஒண்டையும் காட்டாதீங்க. எங்கட ஊட்டுக்காரர் அப்பிடித்தான் மவுத்தாகிப் போய்ச் சேந்தவர்.”

“பஸ்ஸிலயா ராத்தா?”

“இல்ல, அவர் வேல செஞ்ச முதலாளிட சின்னப் பிளேனில. இறங்குற நேரம் ‘அந்தா எங்கட வயல்’ எண்டு காட்டியிருக்கார். பைலட் எட்டிப் பாத்திருக்கான். பிளேன் வரம்பில அடிச்சிட்டு.”

“பைலட்?”

“தப்பிட்டான். அவன்தான் ஊட்ட வந்து சொன்னவன், குளத்தோரத்து வயலக் காட்டினாராம் எண்டு.”

டிரைவர் இப்போது ரோட்டை மட்டும் பார்த்தார்.

“எங்கட வயல் ஆத்துக்கு அங்கால தம்பி. மேல இருந்து பாத்ததில அவருக்கு விளங்கல்ல போல.”