உதிரல, ஒடிஞ்சுது

முடி ஒடிஞ்சுபோச்சு. அவ்வளவுதான் விஷயம். உதிரலம்மா, ஒடிஞ்சுது. உதிர்ற முடின்னா வேரோட வரும், முனையில வெள்ளையா சின்னதா ஒரு முண்டு இருக்கும். இது துண்டு துண்டா. தலையணையைத் தட்டினா கொட்டும். உன் தொழில், உனக்கு நான் சொல்லணுமா.

கத்தரிக்கோலை உள்ள வை. கிராப்பு வெட்டத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கு, தெரியும். என் மருமக போன் பண்ணா. ஒட்ட வெட்டிடுங்கன்னு சொல்லியிருப்பா. அவ வேலைக்குப் போயிட்டா, பையன் வெளியூர்ல. வீட்டுல நான்தான். உட்காரு. அது வேணாம், அந்த நாற்காலி ஆடும்.

முடி என் வீட்டுக்காரியோடது. உள் ரூம்ல படுத்திருக்கா. வாதம். ஒரு பக்கம் பூரா போச்சு, பேச்சும் போச்சு. கேட்டா தலையை ஆட்டுவா, ஆமா, இல்லன்னு. அதுவும் மனசு வந்தாத்தான். சோறு ஊட்டினா வாயைத் திறப்பா, ஊசின்னா கையைக் குடுப்பா, எதுக்கும் மல்லுக்கட்டுறதில்ல. முடியை வெட்டிடலாமா அத்தைன்னு மருமக கேட்டப்ப மட்டும் இல்லன்னு ஆட்டுனா பாரு, கழுத்தே சுளுக்கிக்கும்போல. படுக்கையில விழுந்ததுலேர்ந்து அவ பிடிவாதம் பிடிச்சது அது ஒண்ணுக்குத்தான்.

மருமக கேட்டதுலயும் தப்பில்ல. விடியறதுக்குள்ள எழுந்து சமைச்சு, இவளைத் துடைச்சு, துணி மாத்தி, ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்கணும். இடுப்பு வரைக்கும் கிடக்குற முடிக்கு நேரத்துக்கு எங்க போவா. எனக்குத்தான் வீம்பு. தலை வாருறது என்ன பெரிய வித்தையா, நான் பார்த்துக்கறேன்னுட்டேன்.

எப்படி வாரினேனா? கயிறு மாதிரிதான். சிரிக்காத. துறைமுகத்துல சரக்குக்குக் கயிறு போட்டவன் நான். கயித்தை நனைச்சுக் கட்டினா இறுக்கிப் பிடிக்கும், நழுவாது. அதே கணக்கு. நல்லா நனைச்சுக்குவேன். சீப்பை உச்சியில வச்சு கீழ வரைக்கும் ஒரே இழுவை. சிக்கு மாட்டினா இன்னும் கொஞ்சம் பலம். அப்புறம் முறுக்கிப் பின்னி, முனையில ரப்பர் பேண்டு. ஊருக்கு வந்திருந்தப்ப பையன்கூடச் சொன்னான், அப்பா, இதுல லாரியையே கட்டி இழுக்கலாம்னு. எனக்குப் பெருமைதான்.

அப்புறம்தான் தலையணை பூரா முடி. எண்ணெயை மாத்தினேன். ஷாம்பு மாத்தினேன். குழாய்த் தண்ணி உப்புன்னு கேன் தண்ணி வாங்கினேன். பாலு, முட்டைன்னு ஊட்டினேன். மருந்துக் கடைக்காரன் ஒரு மாத்திரை குடுத்தான், அது வயித்தைக் கலக்குனதுதான் மிச்சம். போன வாரம் காதுக்குப் பின்னாடி ஒரு கத்தையே சீப்போட வந்துடுச்சு. மருமக பார்த்தா. நேரா உனக்குப் போனைப் போட்டா.

இல்லம்மா, கிராப்பு வேணாம். நுனி மட்டும் எடு, ஒரு விரக்கடை. பிளந்து கிடக்கு, விட்டா மேல ஏறுமாம். அதைச் சொல்லத்தானே உன்னை உட்கார வச்சிருக்கேன். பேச்சுத் துணைக்கு ஆள் தேடுறவன்னு நினைச்சியா.

இப்ப ஒடியல. தலையணை சுத்தமா இருக்கு, உள்ள போய்ப் பாரு. ஈரத்துல சீப்பே வைக்கிறதில்ல. ஈர முடி இழுத்தா நீளுமாம், நீண்டு பட்டுன்னு போயிடுமாம். காய்ஞ்சப்புறம்தான், பெரிய பல்லு சீப்பு. முதல்ல நுனிச் சிக்கு, அப்புறம் கொஞ்சம் மேல, அப்புறம் இன்னும் மேல. நடுவுல ஒரு கையால முடியைப் பிடிச்சுக்கணும், இழுப்பு தலைக்குப் போகக்கூடாது. தளரப் பின்னி துணி நாடா. தலையணைக்கு வழவழன்னு ஒரு உறை. வாருறது நான்தான், இப்பவும்.

யார் சொல்லிக்குடுத்ததா? இரு.

என் வீட்டுக்காரிக்குக் கண்ணுல தண்ணி வரும். காலையில மட்டும். டாக்டரைக் கேட்டேன், வாதம் வந்தவங்களுக்கு அப்படி வரும்னு சொட்டு மருந்து எழுதினாரு. தினம் தலையை வாரி முடிச்சதும் கண்ணைத் துடைச்சு ரெண்டு சொட்டு விடுவேன். தவறினதே இல்ல.

உனக்குப் போன் போட்டதுக்கு அப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை மருமக வீட்டுல இருந்தா. கதவுகிட்ட நின்னு நான் வாருறதையே பார்த்துட்டிருந்தா. பார்த்துட்டு, மாமா, அது கண்ணு வியாதி இல்ல, சீப்பு மாட்டுறப்பதான் தண்ணி வருதுன்னா. சீப்பை வாங்கி அவளே உட்கார்ந்து வாரினா. ஒரு பக்கம் பூரா வாரினா. கண்ணு காய்ஞ்சே கிடந்தது. அப்புறம் சீப்பை என் கையில திருப்பிக் குடுத்துட்டா. மறுபக்கம் நீங்க வாருங்க மாமா, மெதுவான்னா.

சொட்டு மருந்து விடறதில்ல இப்ப.

போன் பண்ணிக் கேக்கணுமா? தாராளமாக் கேளு. கிராப்பு வேணாம்னு உனக்குச் சொல்லிடறேன்னுதான் சொன்னா, வேலை அவசரத்துல மறந்திருப்பா. ஆமாம்மா, சொல்லிக்குடுத்தது அவளேதான், ஒட்ட வெட்டச் சொல்லி உன்னைக் கூப்பிட்டவ. என் மருமக.