ரத்தம் குறைந்த சந்தோஷம்

செங்கல்பட்டு வண்டியில் தாம்பரத்தில் ஏறிய பெண்ணின் மடியில் மூடிபோட்ட கூடை. உள்ளே ஒரு பூனை உறுமிக்கொண்டிருந்தது.

"இவனுக்கு ரத்தம் குறைஞ்சிடுச்சுக்கா," என்று பக்கத்திலிருந்த பூக்காரம்மாவிடம் பூரிப்போடு சொன்னாள். நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"ரத்தம் குறைஞ்சதுக்கா சிரிக்கிற? இன்னாம்மா நீ?"

"ஜாஸ்தியா இருந்துச்சுக்கா. எப்பவும் சுருண்டே படுத்திருந்தான். ரத்தம் பத்தலைன்னு நானே முடிவுபண்ணி, ஆட்டு சுவரொட்டி, அதான் மண்ணீரல், வாங்கி வேகவெச்சுக் குடுத்தேன். டாக்டர் பார்த்துட்டு, கிட்னியில கேன்சர் கட்டி, அதனாலதான் ரத்தம் ஊறிக்கிட்டே இருக்கு, கூழாட்டம் கெட்டியாயிடுச்சுன்னாரு."

"அய்யய்யோ. நீ துன்னக் குடுத்ததாலயா?"

"அதைத்தான் நானும் அழுதுகிட்டே கேட்டேன். அதனால இல்லையாம். அந்தக் கிட்னியையே எடுத்துட்டாங்க. இன்னொண்ணு நல்லா இருக்கு. இன்னிக்கு டெஸ்ட்டுல ரத்தம் சரியான அளவுக்கு வந்திருக்கு. கட்டியும் வேற எங்கேயும் பரவலையாம்."

"பொழைச்சிக்கினான்னு சொல்லு."

"இன்னொண்ணு கேளுங்க. இத்தனை நாளா எவ்வளவு ஊசி போட்டாலும் பழந்துணி மாதிரி கிடப்பான். இன்னிக்கு டாக்டர் கையைக் கடிச்சு வெச்சுட்டான்."

"டாக்டரு திட்டலியா?"

"திட்டுறதா? நர்ஸைக் கூப்பிட்டு, கையைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாரு."

பூக்காரம்மா பூக்கட்டுவதை நிறுத்தினார். கூடையின் மூடியை லேசாகத் தூக்கி, நாரோடு விரலை உள்ளே நீட்டினார்.

"எங்க, என்னியும் ஒரு கடி கடி, பாக்கலாம்."