சிவப்புப் பொட்டு வைத்த பிளக்

அன்று மணி என்ன என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பதினொன்றரை என்று உங்களிடம் சொன்னேன். இப்போது யோசித்தால் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. உக்கிரபாண்டி பொட்டலத்தைப் பிரித்துப் புளிசாதம் சாப்பிட்டு முடித்திருந்தார். அடுத்தவர் சாப்பாட்டை வைத்து நேரம் கணிப்பது எனக்குப் பிடிக்காது, ஆனால் வேறு அடையாளம் இல்லை. கப்பலூரில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலை செய்கிறேன். அளந்ததை நம்புவேன். நினைவை அளக்க முடியாது. அதனால் இதில் எங்காவது தவறு இருந்தால், நானே திருத்துவேன்.

நீங்கள் போன வாரம் கோச்சடையில் என் வீட்டுக்கு வந்தீர்கள். சூரியபிரகாஷின் கையும் முகமும் வெந்தது எப்படி என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிப்பதாகச் சொன்னீர்கள். ஷ்யாம் செல்போனில் எடுத்த வீடியோவை நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தீர்கள். "விபத்துதான் சார், வேற என்ன" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனீர்கள். உங்கள் மேல் தவறில்லை. அந்த வீடியோவில் பார்க்க ஒன்றுமில்லை. ஒருவன் குதிக்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள், ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காததை எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். நான், டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் உக்கிரபாண்டி, வங்கியில் வேலை பார்க்கும் ஷ்யாம், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் சூரியபிரகாஷ். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகமலைக்குப் பின்னால் வறண்டு கிடக்கும் கண்மாயில் ரிமோட் டிரக் ஓட்டுவோம். கடையில் குழந்தைகளுக்கு வாங்கித்தரும் பேட்டரி வண்டி இல்லை. எலுமிச்சம்பழ அளவில் உண்மையான எஞ்சின். மெத்தனாலும் நைட்ரோவும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். ஓடும்போது அந்த விளக்கெண்ணெய் வாடை சட்டையில் ஏறி, இரண்டு முறை துவைத்தாலும் போகாது. நான் தனியாக ஒரு சட்டை வைத்திருந்தேன். கையுறை போட்டுக்கொள்வேன்.

இந்த எஞ்சினின் உயிர் அதன் பிளக்கில் இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவுதான். உள்ளே மயிரிழை போல ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள். தொடங்கும்போது சிறு பேட்டரிக் கிளிப்பை மாட்டி அதைக் கனல வைக்க வேண்டும். பிறகு எஞ்சினின் சூட்டிலேயே அது கனன்றுகொண்டிருக்கும். இதில் ஹாட், கோல்டு என்று ரகங்கள் உண்டு. ஹாட் பிளக் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோல்டு பிளக் சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். வெயில் ஊரில், நைட்ரோ அதிகம் கலந்த எரிபொருளுக்குக் கோல்டு பிளக்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றும், எஞ்சின் கொதிக்கும், சிறிது நேரத்தில் நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் நினைப்பார்கள். வெயிலுக்கு ஹாட், பனிக்குக் கோல்டு என்று.

என்னிடம் மாத்திரை போட்டு வைக்கும் ஏழு அறைப் பெட்டி ஒன்று இருக்கிறது. பிளக்குகளை ரகம் வாரியாக அதில் வைத்திருப்பேன். ஹாட் பிளக் தலையில் சிவப்புப் பொட்டு, கோல்டு பிளக்கில் நீலம். பொட்டு வைப்பது நான்தான். எந்த வண்டிக்கு எது என்று யாரும் என்னைக் கேட்காமல் போட மாட்டார்கள். நான் உடனே சொல்லிவிட மாட்டேன். வண்டியை ஓடவிட்டுக் கேட்பேன், பிளக்கைக் கழற்றிச் சுருளின் நிறம் பார்ப்பேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். அவர்களும் காத்திருப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு சூரியபிரகாஷ் வந்து சேர்ந்தான். அவனுக்குக் காத்திருக்கத் தெரியாது.

அவனைப் பற்றித் தவறாக எழுத எனக்கு விருப்பமில்லை. செய்ததை மட்டும் எழுதுகிறேன். எரிபொருள் கையில் சிந்தினால் பனியனில் துடைப்பான். துடைத்த கையால் வடை சாப்பிடுவான். பிளக்கைத் திருகும்போது, மாற்ற வேண்டிய இன்னொரு பிளக்கைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொள்வான். எச்சில் வழிய வழிய அதை எடுத்து என் பெட்டியில் திரும்பப் போடுவான். ஒரு நாள் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடித்தான். அண்ணாந்து குடிக்க அவன் வீட்டில் சொல்லித் தரவில்லை போலும். பாட்டிலின் விளிம்பில் வடைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவன் பார்த்தான்.

"என்ன டாக்டரு, அப்பிடிப் பாக்குறீக? பாட்டிலுக்கு ஊசி போடணுமா?"

ஷ்யாம் சிரித்தான்.

"டேய், அண்ணன் இன்னைக்கு வீட்டுக்குப் போயி அந்தப் பாட்டில மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவுவாருடா" என்றார் உக்கிரபாண்டி.

"கழுவுறதா? பாட்டிலுக்குக் காரியமே பண்ணிருவாரு. அண்ணே, ஒன்னு கேக்கேன், கோவிச்சுக்கிறாதீக. கல்யாண வீட்டுப் பந்தியிலயும் கிளவுஸ் போட்டுத்தான் உக்காருவீகளா?" என்றான் சூரியபிரகாஷ்.

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாட்டிலைக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வந்தேன். அன்று மதியம் சாப்பிட முடியவில்லை. அந்த வடைத் துணுக்கு கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதனை வெறுப்பதும் அவனை அருவருப்பதும் வேறு வேறு என்பது அன்று எனக்குப் புரிந்தது. வெறுப்புக்கு ஒரு முடிவு உண்டு, பேசித் தீர்க்கலாம். அருவருப்போடு என்ன பேசுவது?

அதன் பிறகு எல்லோரும் என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். பிளக் பற்றிய சந்தேகங்களையும் மெல்ல அவனிடமே கேட்கத் தொடங்கினார்கள். அவன் ஏதாவது ஒன்றை எடுத்துப் போடுவான், அதிர்ஷ்டத்தில் ஓடும். அது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. நான் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்திரை மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் புது எஞ்சின் கொண்டுவந்தான். எரிபொருளில் முப்பது சதவீதம் நைட்ரோ. என் பக்கத்தில் வந்து குத்தவைத்தான்.

"அண்ணே, வெயிலு மண்டையப் பொளக்குது. இம்புட்டு வெயிலுக்கு ஹாட் பிளக்குத்தானே?"

நான் பேசவில்லை. பேச யோசிப்பது என் சுபாவம், எல்லோருக்கும் தெரியும். அவன் பெட்டியைத் திறந்து, சிவப்புப் பொட்டு வைத்த பிளக்கை எடுத்துக்கொண்டு போனான்.

இல்லை. இந்த இடத்தைத் திருத்த வேண்டும். அவன் முதலில் எடுத்தது நீலம். கை போன போக்கில் எடுத்தான், சரியானதாக அமைந்துவிட்டது. நான்தான் "அது இல்ல தம்பி" என்று சொல்லிச் சிவப்பு இருந்த அறையைத் திறந்து காட்டினேன். "அப்பிடிச் சொல்லுங்க டாக்டரு" என்று என் தோளில் தட்டினான். தட்டிய இடத்தில் எண்ணெய்க் கறை விழுந்தது.

எஞ்சின் கெட்டுப் போகட்டும், ஒரு பாடமாக இருக்கட்டும் என்று நான் நினைத்ததாக நீங்கள் எண்ணலாம். நானும் சில நாட்கள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை.

அதற்கு முந்தைய மாதம் அவனுடைய பழைய எஞ்சின் சூடேறி நின்றது. ஆறவிடாமல், டாங்க் மூடியைத் திறந்து போட்டுவிட்டு, பிளக்கைக் கழற்றினான். உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பேட்டரிக் கிளிப்பில் மாட்டி முகத்துக்கு நேரே பிடித்தான். சுருள் கனன்றது. திடீரென்று கையை உதறினான். "எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னுச்சு மாப்ள" என்று ஷ்யாமிடம் சொல்லிச் சிரித்தான். கை முடி பொசுங்கிய வாடை எனக்கு வந்தது. மெத்தனால் எரிந்தால் உச்சி வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. விரலில் இருந்த ஈரம் பற்றி அணைந்திருக்கிறது. அங்கே அதைப் புரிந்துகொண்டது நான் ஒருவன்தான். யாரிடமும் சொல்லவில்லை. அப்போது எந்தத் திட்டமும் இல்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, சூடேறி நின்றால் அவன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பிளக் போட்டால் சூடேறி நிற்கும் என்பதும் தெரியும்.

ஐந்தாவது சுற்றில் நின்றது. வண்டியைத் தூக்கி வந்து என்னிடமிருந்து பத்தடி தள்ளி வைத்தான். டாங்க் மூடியைத் திறந்தான், எரிபொருளை ஊற்றினான், பாதி வெளியே சிந்தியது. கையைப் பனியனில் துடைத்தான். கொதிக்கும் பிளக்கைத் துணியால் பிடித்துத் திருகி எடுத்தான். கிளிப்பில் மாட்டினான். குனிந்து பார்த்தான்.

காற்றில் ஒரு நெளிவு தெரிந்தது. தார்ச்சாலைக்கு மேலே வெயிலில் தெரியுமே, அதுபோல. அவ்வளவுதான் தெரிந்தது. அவன் எழுந்து குதித்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டான். இரண்டு கையையும் விசிறினான். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவுக்காக ஏதாவது கோமாளித்தனம் செய்கிறவன் என்பதால், ஷ்யாம் செல்போனை எடுத்துவிட்டான்.

"ஆடு மாப்ள, ஆடு" என்று அவன் சொல்வது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

"என்னடா, சாமி வந்துருச்சா?" என்பது உக்கிரபாண்டியின் குரல்.

பிறகு சூரியபிரகாஷ் கத்தினான். அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தார்கள். என் காலுக்கு நடுவில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். என்னை மட்டும்தான் பார்த்தான். "அண்ணே" என்றான். டாக்டரு என்று சொல்லவில்லை.

அவன் வாயோரம் நுரை வழிந்தது. அந்த நிலையிலும் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

வீடியோவை நானும் வாங்கிப் பார்த்தேன். வீடியோ தொடங்கியதிலிருந்து நான் எழுந்திருப்பது வரை பத்தொன்பது வினாடிகள். மூன்று முறை அளந்தேன். பத்தொன்பதுதான். அந்த நேரத்தில் நான் பயந்து உறைந்திருந்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பயப்படவில்லை. கேனின் மூடியை நான்காவது வினாடியிலேயே திறந்துவிட்டேன், உற்றுப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். திறந்துவிட்டுக் காத்திருந்தேன். உறுதியாகத் தெரியாமல் ஒரு காரியத்தில் இறங்கும் பழக்கம் எனக்கில்லை. பனியன் கறுத்து நெஞ்சோடு ஒட்டியபோது உறுதியாகிவிட்டது. அப்போது எழுந்தேன்.

தண்ணீரை வீணாக்காமல் ஊற்றினேன். முதலில் நெஞ்சு, பிறகு வலது கை, பிறகு முகம். மற்ற இருவரும் அதன் பிறகுதான் ஓடிவந்தார்கள். உக்கிரபாண்டி தன் வேட்டியை அவிழ்த்துப் போர்த்தினார். காரில் அவனை என் மடியில்தான் கிடத்தினார்கள். தோல் என் கையுறையில் ஒட்டி வந்தது. கையுறை போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய அம்மா முனீஸ்வரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எம்புட்டுப் பேரு நின்னாக, நீதானய்யா ஓடிப்போயி தண்ணி ஊத்துன. எம்புள்ளைக்கு நீதான்யா சாமி" என்று அழுதார். மூக்கைத் துடைத்த முந்தானை கையிலேயே இருந்தது. அவன் மனைவி அஸ்வினி, கல்யாணமாகி எட்டு மாதம், தள்ளி நின்று என்னைக் கும்பிட்டாள். நான் போய்க் குழாயடியில் கையைக் கழுவினேன். சோப்பு இல்லை. நெடுநேரம் கழுவினேன்.

என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டவர் உக்கிரபாண்டி ஒருவர்தான். நான்கு நாள் கழித்து, அவர் கடை வாசலில்.

"அண்ணே, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. தீ எங்க யாரு கண்ணுக்கும் தெரியல. நீங்க மட்டும் நேரா நெஞ்சுக்கும் கைக்கும் ஊத்துனீக. எப்பிடிண்ணே?"

"புகை தெரிஞ்சுச்சு" என்றேன்.

"புகையா?"

"ஆமா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்தேன். வழக்கமாக என் மௌனத்தை மற்றவர்கள்தான் முதலில் உடைப்பார்கள். அவர் உடைக்கவில்லை. "சரிண்ணே, வாடிக்கக்காரரு நிக்காரு" என்று உள்ளே போய்விட்டார். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை.

அவர் உங்களிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. என் மனசாட்சி உறுத்துவதால் எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு துண்டு இரும்பு அளவு தவறி வந்தால் அதன் மேல் "தேர்வாகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. உங்கள் அறிக்கையில் விபத்து என்று இருக்கிறது. அது தவறான அளவு. திருத்திக்கொள்ளுங்கள்.

சூரியபிரகாஷ் உயிரோடு இருக்கிறான். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகின்றன. அஸ்வினி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள். முனீஸ்வரி வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்கிறார். ஷ்யாம் மாற்றல் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டான். தான் சிரித்ததைத் தானே கேட்க முடியவில்லை என்று சொன்னான். உக்கிரபாண்டி டிரக்கை விற்றுவிட்டார், என்னைப் பார்த்தால் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறார். கண்மாய்க்கு இப்போது யாரும் போவதில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை.