நாலு மணி அவனுக்கு

ஹெட்போன் சொருகும் ஜாக்கைக் கழற்றும்போது பலரும் அவசரப்படுகிறார்கள், ஐயா. ஈயம் முழுக்க இளகுவதற்குள் பிடித்து இழுத்து, அடியில் இருக்கிற சர்க்யூட் பலகையையே பாழாக்கிவிடுவார்கள். இருபது வருடத்தில் நான் ஒரு பலகையைக்கூட அப்படிக் கெடுத்ததில்லை. உங்கள் மேஜைமேல் இருக்கும் இந்த ஹாம் ரேடியோவும் என் கைவேலைதான். ஒட்டுகளைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம்.

பேசவும் கேட்கவும் ஆகிற இந்தப் பெட்டி என் அண்ணனுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நாலு வருடத்துக்கு முன் மலைமேல் காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தில் வேலைக்குப் போனான். அங்கே போன் எடுக்காது. அதனால் அவனிடம் ஒரு பெட்டி, எங்கள் கூடத்தில் ஒரு பெட்டி. தினமும் மாலை நாலு மணிக்கு அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். புருஷன் பெண்சாதிக்குள் ஆயிரம் இருக்கும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மற்ற நேரம்தான் தொல்லை. ஹெட்போனை உருவிவிட்டால் ஸ்பீக்கர் பேசும். நினைத்தபோதெல்லாம் கூப்பிடுவான். நானும் அண்ணியும் சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். "என்ன கொழம்பு? என் பங்கையும் அவனே முழுங்கிடப் போறான்" என்பான். அண்ணி கையைக்கூடக் கழுவாமல் சிரித்துக்கொண்டே ஓடுவார். குழாய் ஒழுகினால் நான். அண்ணிக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்தவன் நான். அவனுக்கு வெறும் குரல்தான், ஆனால் வீடு முழுக்க அவன்தான். வயிறு எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் ஜாக் தேய்ந்துபோனது. "தம்பி, ஒரு காதுல வருது, ஒரு காதுல வரல. நாலு மணிக்குள்ள பாத்துத் தர்றீங்களா?" என்று அண்ணி கேட்டார். புதியதை வைத்து ஒட்டி, இரண்டு காதிலும் கேட்க வைத்தேன். உருவியதும் ஸ்பீக்கர் இரைந்ததையும் காட்டினேன். "உங்க கைராசி யாருக்கும் வராது" என்றார். ஒரு திருகு சரியாக உட்காரவில்லை என்று சொல்லிப் பெட்டியைத் திரும்ப என் அறைக்கு எடுத்துப் போனேன்.

ஜாக்குக்குள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. பிளக்கைச் சொருகினால் அது விலகி ஸ்பீக்கரை ஊமையாக்கும். உருவினால் திரும்பப் படிந்து பேச வைக்கும். அதை ஒரு நகக்கண் அளவு வளைத்துவிட்டேன். இனி உருவினாலும் அது படியாது, ஸ்பீக்கர் ஊமைதான். நாலு மணி அவனுக்கு, மிச்சப் பொழுது எனக்கு. நியாயமான பங்கு என்றுதான் பட்டது.

ஒன்பது நாள் வீடு நிம்மதியாக இருந்தது. காலையில் கூப்பிட்டும் பதில் இல்லையே என்று அவன் குறைபட்டானாம். "மலையில மேகம் எறங்கினா அப்படித்தான் அண்ணி" என்றேன். அவரும் நம்பினார்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணி. அண்ணி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சும்மாதான் ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன்.

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன். காலு மடங்கிக் கெடக்கு. ரத்தம் நிக்க மாட்டேங்குது. யாராவது கேக்குறீங்களா?" மைக்கை மறுபடி அழுத்தும் ஓசை. "தம்பி, நீயாவது இருக்கியாடா?"

இரண்டு காதிலும் துல்லியமாகக் கேட்டது. பிளக்கை மெல்ல உருவினேன். சட்டென்று வீடு அமைதியானது. அண்ணி வெயிலில் சிவந்த முகத்தோடு இறங்கி வந்தார். ஒரு மணிக்கு இருவரும் சாப்பிட்டோம்.

நாலு மணிக்கு அவன் வரவில்லை. பேட்டரி போயிருக்கும் என்றேன். அண்ணி கேட்கவில்லை, செருப்புகூடப் போடாமல் காட்டிலாகா அலுவலகத்துக்கு ஓடினார். மறுநாள் காலை ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது மைக் அவன் கையில் இருந்ததாம். நான் அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்த அண்ணன் அவன்.

எந்த நேரம் யாரைக் கூப்பிட்டோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது ஹாம் ஆட்களின் பழக்கம். அந்த நிலையிலும் அவன் எழுதியிருந்தான். பதினொன்று, பதில் இல்லை. பதினொன்று பத்து, பதில் இல்லை. இப்படியே மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை. கடைசி வரிகளில் எழுத்து கோணிக் கிடந்தது.

அந்த நோட்டைப் படித்த நாளிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. "தூசி தட்டுறப்ப நான்தான் சத்தத்தைக் கொறைச்சுட்டேன் போல. அந்தக் குமிழ் தானா திரும்புமா தம்பி? பாத்துச் சொல்லுங்களேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பார்த்துக் கொடுத்த பெட்டியில் பழுது என்று எப்படிச் சொல்வது? "குமிழ் நல்லாத்தான் இருக்கு அண்ணி. விடுங்க, தப்பு யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். நான் அவரை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. என் கையால் பிசைந்து தந்தால் இரண்டு வாய் சாப்பிடுவார்.

பெட்டியைத் தானே திறந்து, வளைந்த தகட்டைப் பார்த்து, உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததே அண்ணிதான் என்கிறீர்கள். இருக்கட்டும். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். மணி பன்னிரண்டரை ஆகிறது. நான் போகாமல் அவர் சாப்பிட மாட்டார்.